பிறவியிலிருந்தே

நர்ஸ் குழந்தையின் காதுக்குள் பட்டாணி அளவு ரப்பர் முனையைச் செருகிவிட்டுக் கையிலிருந்த சின்ன இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது காதுக்கு உடனே பச்சை விளக்கு எரிந்தது. இடது காதுக்கு எரியவில்லை. முனையை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தாள். மூன்றாம் முறையும் வைத்துப் பார்த்தாள். பிறந்து இரண்டே நாளான குழந்தை எதையும் சட்டை செய்யாமல் தூங்கியது.

"பயப்படாதீங்க. நிறையக் குழந்தைங்களுக்கு முதல் தடவை இப்படி வரும். காதுக்குள்ள ஈரம் இருந்தாலே மெஷின் ஒத்துக்காது. மூணு வாரம் கழிச்சுக் கொண்டுவாங்க" என்ற நர்ஸ், அட்டையில் எழுதிக்கொண்டே கேட்டாள். "குடும்பத்துல யாருக்காவது காது கேக்காம இருக்கா?"

"இவருக்கு" என்று கட்டிலில் இருந்த மருமகள் தன் கணவனைக் காட்டினாள். "இடது காது. பிறவியிலிருந்தே."

துணிப்பையும் ஃபிளாஸ்க்குமாக வாசலில் நின்றிருந்த அவள் மாமனார் லேத்காரர் சட்டென்று மகனைப் பார்த்தார். அவன் நிமிரவில்லை. தரை ஓடுகளுக்கு நடுவே ஓடிய கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். நர்ஸ் எழுதி முடித்து, பேனாவைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். கல்யாணமாகி மூன்று வருஷமாகிறது. பெண்டாட்டியிடம் இப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறான் என்பது லேத்காரருக்கு அன்றுதான் தெரிந்தது.

முப்பது வருஷமாக லேத் பட்டறையில் நிற்கிறவர் அவர். கட்டை விரலால் தடவிப் பார்த்தே ஓர் இரும்புத் தண்டு மயிரிழை கூடுதலா குறைச்சலா என்று சொல்லிவிடுவார். பட்டறையிலும் சபையிலும் எல்லோருக்கும் லேத்காரர்தான். அந்த இரைச்சலுக்குள் நின்று நின்று பட்டறையில் பாதிப் பேருக்குக் காது மந்தம். அவருக்கு மட்டும் குண்டூசி விழுந்தாலும் கேட்கும். "லேத்துல நிக்கிறது அப்பன், காது போனது புள்ளைக்கா?" என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டலடிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரித்திருக்கிறார்.

மகனுக்கு அப்போது ஏழு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த பாட்டிலைத் தேடி எடுத்து, சமையலறைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டான். அவர் வந்து பார்த்தபோது ஓடவும் இல்லை. காலி பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அம்மா அழக் கூடாதுன்னுதான்ப்பா" என்றான். ஒரே அறை. உள்ளங்கை முழுசாகக் காதின்மேல் விழுந்தது. பையன் அழவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, எங்கிருந்தோ வரும் சத்தம் என்னவென்று தேடுகிறவனைப்போல் பார்த்தான். கன்னத்தில் விரல் தடம் மறையட்டும் என்று மூன்று நாள் டாக்டரிடம் கூட்டிப் போகவில்லை. அதற்குள் செவிப்பறை கிழிந்த இடத்தில் சீழ் வைத்து உள்ளே இறங்கிவிட்டது. "மாடிப்படியில விழுந்துட்டான்" என்றாள் அவர் மனைவி. டாக்டர் பையனைப் பார்த்தார். பையன், "ஆமா" என்றான்.

அதற்கப்புறமும் பத்து வருஷம் குடித்தார். பிறகுதான் சபைக்குப் போனதும், கதறி அழுததும், ஞானஸ்நானம் எடுத்ததும். பதினோரு வருஷமாக ஒரு சொட்டு தொட்டதில்லை. சபையில் சாட்சி சொல்ல அவரைத்தான் கூப்பிடுவார்கள். "குடிச்சேன், பெண்டாட்டி புள்ளைய அடிச்சேன், உதைச்சேன், பாவியிலும் பெரிய பாவியா இருந்தேன்" என்று அவர் ஆரம்பித்தால் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். அடிச்சேன், உதைச்சேன் என்பதோடு சரி. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கர்த்தரின் காலடியில் போட்டாயிற்று. அந்த மூட்டையைப் பிரித்து ஒரு காதை வெளியே எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு மருமகளுக்கு வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. குழந்தையின் இடப்பக்கம் உட்கார்ந்து கை தட்டுவாள். கரண்டியால் டம்ளரைத் தட்டுவாள். குழந்தை கண்ணைச் சிமிட்டினால் சிரிப்பாள், சிமிட்டாவிட்டால் அழுவாள். பால் கொடுக்கும்போதும் அழுதாள். ஒருநாள் அறைக்குள்ளிருந்து அவள் குரல் கேட்டது. "உங்களுக்கு இருக்குன்னு தெரியும். குழந்தைக்கு வருமான்னு கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு டாக்டரையாவது கேட்டிருக்கலாம்ல? என் மேலயும்தான் தப்பு. நானும் கேக்கலையே."

மகனின் பதில் கேட்கவில்லை. அவன் எதுவும் சொல்லியிருக்க மாட்டான்.

லேத்காரர் சமையலறைக்குப் போய் மனைவியிடம், "சொல்லிடலாம்னு பாக்குறேன்" என்றார்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "வாய மூடிக்கிட்டுச் சும்மா இருங்க. மூணு வாரத்துல டெஸ்டு சரியா வந்துடும். தெரிஞ்சா அந்தப் பொண்ணு பேத்திய உங்க கையில தருவாளா? மாடிப்படின்னு சொன்னவ நான். என்னையும் என்ன நினைப்பா?"

"அவ அழுறாளே."

"நானும்தான் அழுதேன். எனக்காக யாரு எதைச் சொன்னாங்க?"

அவர் வாசலுக்குப் போய்ப் படியில் உட்கார்ந்தார்.

சனிக்கிழமை பட்டறை விட்டதும் நேரே சபைக்குப் போனார். மறுநாள் ஆராதனைக்காகப் பாஸ்டர் தனியாளாக நாற்காலிகளை வரிசை போட்டுக்கொண்டிருந்தார். இவரைவிடப் பத்து வயது இளையவர். லேத்காரரும் நாலு நாற்காலி தூக்கிப் போட்டார். ஐந்தாவதைத் தூக்கியவர் அதைப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"பேத்தி காது என் பாவத்துக்குத் தண்டனையா பாஸ்டர்?"

"பச்சக் குழந்தைகிட்டப் பழி வாங்குற கர்த்தரை எனக்குத் தெரியாது அண்ணே." பாஸ்டர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். "ஆனா உங்க மருமக அழுறாங்களே, அதுல உங்க பங்கு இருக்கு. பாவம் செஞ்ச ஆளோட நிக்கிறதில்ல. செய்யாதவங்க மேலதான் முதல்ல போய் விழுது."

"கர்த்தர் என்னை மன்னிச்சிட்டாருன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"மன்னிச்சிட்டார். இப்பவும் சொல்றேன். அதுக்காக நடந்தது நடக்காமப் போயிடுமா? அது உங்க மகனோட காது. அவன்கிட்ட என்னைக்காவது மன்னிப்புக் கேட்டிருக்கீங்களா?"

லேத்காரர் தலையசைத்தார். கேட்டதில்லை. நூறு பேருக்கு முன்னால் மைக்கில் அழுதிருக்கிறார். மகனிடம் கேட்டதில்லை.

"சொன்னா குடும்பம் உடைஞ்சிடுமோ?"

"எனக்குத் தெரியல அண்ணே" என்ற பாஸ்டர், எழுந்து அடுத்த நாற்காலியைப் பிரித்தார்.

திங்கட்கிழமை லேத்காரர் வேலைக்குப் போகவில்லை. மகன் ஆபீசுக்குக் கிளம்பிப் போயிருந்தான், மனைவி கடைக்கு. மருமகள் ஜன்னலோரம் உட்கார்ந்து குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். "மாமா, கொஞ்சம் வச்சிருங்க, இதை முடிச்சிடுறேன்" என்று குழந்தையை அவர் மடியில் கிடத்தினாள். கொடுத்த பிறகு எப்படிச் சொல்வது என்று இருந்தது அவருக்கு. கொடுத்ததாலேயே சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

"அம்மா, அவனுக்கு அது பிறவியில இல்ல."

அவள் கை நின்றது.

"ஏழு வயசு வரைக்கும் ரெண்டு காதும் நல்லாத்தான் கேட்டுச்சு. நான் அடிச்சதுல போச்சு. குடிச்சிருந்தேன்."

முதலில் அவள் முகத்தில் வந்தது சந்தோஷம்தான். அதை அவர் எதிர்பார்க்கவே இல்லை. "அப்ப பரம்பரையில இல்லையா? நிஜமாவா மாமா?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. குனிந்து குழந்தையின் காலை எடுத்து முத்தமிட்டாள். அப்படிக் குனிந்தவள் நிமிர்வதற்குள் மற்றது புரிந்துவிட்டது. நிமிர்ந்தபோது அது வேறு முகம். குழந்தையின் தலைக்குக் கீழே ஏந்தியிருந்த அவருடைய வலது கையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஏழு வயசா?"

"ஆமாம்மா."

"குழந்தையக் குடுங்க மாமா."

சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. கொடுத்தார். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் அவருக்கு நன்றாகவே கேட்டது.

சாயங்காலம் வந்த மகன் விஷயம் தெரிந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் முன்னால் வந்து நின்றான். இத்தனை வருஷத்தில் அவன் கோபப்பட்டு அவர் பார்த்ததில்லை.

"உங்கள யாரு சொல்லச் சொன்னது?"

"அந்தப் பொண்ணு அழுறதைப் பாக்க முடியலப்பா."

"நான் சொல்லியிருப்பேன். டெஸ்டு வரட்டும்னு இருந்தேன். இல்ல... சொல்லியிருக்க மாட்டேன்." குரல் உடைந்தது. "உங்களக் காப்பாத்தவா அப்படிச் சொன்னேன்னு நினைக்கிறீங்க? எனக்கு வெட்கம்ப்பா. அப்பன்கிட்ட அடி வாங்கி ஊனமானவன்னு என்னை யாரும் பாக்கக் கூடாது. பிறவியிலன்னா யாரும் பரிதாபப்பட மாட்டாங்க, அதோட விட்டுடுவாங்க. இப்ப அவ என்னை அப்படித்தான் பாக்குறா. தலையத் தடவுறா. உங்களுக்குச் சொல்லிட்டா பாரம் இறங்கிடும். எனக்கு?"

"மன்னிச்சிடுப்பா" என்றார் லேத்காரர். இருபத்தொரு வருஷம் கழித்து, ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், வாய்க்குள்ளேயே பாதி நின்றுபோன ஒரு சொல்லாக அது வந்தது.

மகன் குனிந்து செருப்பைக் கழற்றி, ஜோடியாகச் சுவரோரம் வைத்துவிட்டு உள்ளே போனான்.

அதன்பிறகு வீட்டில் சண்டை இல்லை. சோறு போட்டார்கள், பேசினார்கள். மருமகள் "மாமா" என்று கூப்பிடுவதையும் நிறுத்தவில்லை. ஆனால் குளிக்கப் போனாலும் குழந்தையைத் தொட்டிலோடு தன் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சிக்கு அழைத்தபோது லேத்காரர் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் தொடையில் தட்டினார். உடம்பு சரியில்லை என்று சைகை காட்டினார்.

மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அவரை யாரும் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. பின்னாலேயே போனார். அதே நர்ஸ், அதே ரப்பர் முனை. இடது காதில் வைத்த மறு நொடியே பச்சை விளக்கு எரிந்தது. "அன்னைக்கே சொன்னேன்ல, ஈரம்தான்" என்று சிரித்தாள் நர்ஸ். மருமகள் கணவனின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். லேத்காரர் வாசலில் நின்றபடியே "ஸ்தோத்திரம்" என்று முணுமுணுத்தார். அதைச் சொல்லத் தனக்கு உரிமை உண்டா என்று சொல்லி முடித்த பிறகுதான் தோன்றியது.

வெளியே சாலை நெரிசலாக இருந்தது. பஸ்களும் லாரிகளும் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. மகன் குழந்தையை இடது தோளில் சாய்த்துக்கொண்டு முன்னால் நடந்தான். மருமகள் அவனுக்கு வலப்பக்கமாக, அட்டையையும் பையையும் பிடித்துக்கொண்டு. லேத்காரர் பத்தடி பின்னால். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்புறம் கட்டியிருந்தார். குழந்தை அப்பாவின் தோளுக்கு மேலாக இவரைப் பார்த்தது, அல்லது இவருக்குப் பின்னால் இருந்த வெளிச்சத்தை. பிறகு முகத்தைச் சுருக்கிச் சிணுங்கியது. மகனின் இடது காதை ஒட்டி, ஒரு விரற்கடை தூரத்தில். பத்தடி தள்ளி வந்த லேத்காரருக்கு அது கேட்டது. மகன் நடந்துகொண்டே இருந்தான். சிணுங்கல் அழுகையாயிற்று. அவன் எதிரே வந்த சைக்கிளுக்கு ஒதுங்கி, மனைவியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான்.

மருமகள் நின்றாள். அந்தச் சாலையோரத்திலேயே குழந்தையை அவன் இடது தோளிலிருந்து எடுத்து வலது தோளுக்கு மாற்றி வைத்தாள். வைத்துவிட்டு, பின்னால் நின்றுவிட்ட மாமனாரை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.