பென்சில்காரருக்கு ஓர் இரங்கல் கூட்டம்

அந்தச் சிறிய நூலகம் மாதம் ஒருமுறை நான்கு பக்கத்தில் செய்தி மடல் வெளியிட்டது. நான்கு பக்கத்துக்குச் செய்தி கிடைக்காதே என்று யாரும் கவலைப்படவில்லை, நூலகரான அந்த அம்மாவைத் தவிர. புதுத் துடைப்பம் வாங்கியது ஒருமுறை தலைப்புச் செய்தியானது. மீதி இடத்தை நூலகக் குழுத் தலைவரின் புகைப்படங்கள் நிரப்பின. தலைவர் துடைப்பத்தைப் பெற்றுக்கொள்கிறார், தலைவர் துடைப்பத்தைப் பார்க்கிறார்.

அங்கே பதினோரு வருடமாகத் தவறாமல் வருகிறவர் ஒருவர் உண்டு. அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். பழக்கம் விடவில்லை. நூலகப் புத்தகங்களில் அச்சுப்பிழை கண்டால் பென்சிலால் திருத்திவிடுவார். அவர் திருத்துவதும், அந்த அம்மா ரப்பரை எடுத்து அழிப்பதும், சண்டை போடுவதுமாகக் காலம் ஓடியது. எல்லாருக்கும் அவர் பென்சில்காரர்.

மூன்று வாரமாக அவரைக் காணோம். அவர் குடியிருக்கும் கட்டடத்தின் காவலாளி ஒருநாள் நூலகத்துக்கு வந்தபோது, நூலகர் கவலைப்பட்டதால் தலைவரே விசாரித்தார்.

"அவரா? அவர் போயிட்டாருங்க."

சொல்லிவிட்டுக் காவலாளியும் போய்விட்டார். தலைவர் கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்றார். திறந்தபோது முகத்தில் சோகத்தைவிட மலர்ச்சிதான் அதிகம். துடைப்பத்துக்குப் பிறகு இப்போதுதான் உருப்படியான செய்தி.

"சார், எதுக்கும் ஒரு தடவை நல்லா கேட்டுடலாமே?" என்றார் நூலகர்.

"செய்தின்னா சூடா இருக்கணும்மா. ஞாயிற்றுக்கிழமை காலையில கூட்டம். என் தலைமையில."

நூலகர் இரங்கல் குறிப்பு எழுதினார். எழுதும்போது கண் கலங்கியதால் ஒருமுறைகூடப் படித்துப் பார்க்கவில்லை. மடல் அச்சாகி வந்தது.

வெள்ளிக்கிழமை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பென்சில்காரர் உள்ளே வந்தார். கண் புரைக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ள மகள் வீட்டுக்குத்தான் போயிருந்தார். நூலகர் மேசைமேல் இருந்த மடல் கட்டை மறைக்கப் பார்த்தார். அவரோ மடலை எடுத்து, தன் மரணத்தை நிதானமாகப் படித்தார்.

"என்னம்மா இது?"

"சார், மன்னிச்சிடுங்க, நான்..."

"'ஆழ்ந்த இரங்கல்'ல ழகரம் போட வேண்டாமா? ஆள்ந்தன்னு இருக்கே!"

சட்டைப்பையில் கைவிட்டார். பிழை திருத்தப்பட்டது.

"கூட்டத்தை நிறுத்திடச் சொல்றேன் சார்."

"நிறுத்தாதே. யாரெல்லாம் வர்றாங்கன்னு பார்க்கணும். தலைவர்கிட்ட வாயே திறக்காதே."

ஞாயிற்றுக்கிழமை முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். எழுத்தாளர்களை அழைத்தபோதுகூட ஆறு பேர்தான் கேட்க வந்திருந்தார்கள். பென்சில்காரர் கறுப்புக் கண்ணாடியுடன் முதல் வரிசையில் உட்கார்ந்தார். வாசகர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள். தலைவருக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை. பதினோரு வருடத்தில் அவர் வாசகர் யாரையும் முகம் பார்த்துப் பேசியதில்லை.

"நானும் அவரும் நகமும் சதையுமாகப் பழகினோம்," என்று தலைவர் குரல் தழுதழுக்கச் சொன்னார். "கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, 'தலைவரே, இந்த நூலகத்தை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்றார்."

பென்சில்காரர் எழுந்தார்.

"நான் அப்படிச் சொல்லலையே. சொல்லியிருந்தா இந்த அம்மாகிட்டதான் சொல்லியிருப்பேன். உங்க கையை நான் தொட்டதே இல்லீங்க."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தலைவர் வெளிறிப்போனார். ஆனால் அதிலேயே நின்றுவிட்டால் அவர் தலைவராகியிருக்க முடியுமா? "பாருங்கள், நம் நூலகத்தை விட்டுப் போக மனம் வராமல் திரும்பி வந்துவிட்டார்!" என்று முழங்கி, தானே கைதட்டிவிட்டு அவசர வேலை என்று கிளம்பிவிட்டார்.

எல்லாரும் கலைந்த பிறகு இருவரும் நாற்காலிகளை மடக்கினார்கள்.

"ஒண்ணு கேக்கணும் சார். இத்தனை வருஷத்துல ஒரு புத்தகம்கூட நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போனதில்லையே, ஏன்?"

"அங்க எடுத்துட்டுப் போனா யார்கூடச் சண்டை போடறது?" என்றார் அவர். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

நூலகர் மடக்கிய நாற்காலிகளில் ஒன்றை மறுபடி விரித்து, அவர் பக்கம் தள்ளினார்.