உச்சிப்புள்ளி இல்லாத வீடு

எங்கள் துறைமுக ஊரில் கதவு எண்களை ஒழித்துவிட்டார்கள். இப்போது அவரவர் தலைக்கு நேர் மேலே வானத்தில் இருக்கும் புள்ளிதான் அவரவர் விலாசம். பாதிக் கடிதங்கள் போய்ச் சேரவில்லை. புகார்க் கடிதங்களெல்லாம் அந்தப் பாதியில் இருந்ததால் திட்டம் மகத்தான வெற்றி என்று அறிவித்தார்கள்.

பிலோமினாவின் புருஷன் கஸ்பார் சரக்குக் கப்பலில் போய்ப் பதினோரு மாதமாகிறது. வெள்ளிக்கிழமை கரை இறங்குகிறான். கப்பல்காரர்கள் புது விலாசப்படிதான் வீடு திரும்ப வேண்டும் என்பது சட்டம். அவளுடைய புள்ளியோ இன்னும் பதிவாகவில்லை. திங்கட்கிழமையே வான்கோள அலுவலகத்துக்கு ஓடினாள்.

அலுவலகம் விண்மீன் நேரப்படி நடந்தது. நட்சத்திரங்கள் உதிப்பதுபோலவே தினமும் நாலு நிமிடம் முன்னதாகத் திறந்து, நாலு நிமிடம் முன்னதாக மூடினார்கள். நேற்று வந்த நேரத்துக்கே இன்றும் வந்தால் தாமதம். இரண்டு நாள் திட்டு வாங்கி, புதன்கிழமை ஒருவழியாக உள்ளே நுழைந்தாள்.

எழுத்தர் மாசிலாமணி உட்கார்ந்தபடியே பாடம் எடுத்தார். பாடம் முடியாமல் படிவம் கிடையாது.

"உங்களச் சுத்தி ஒரு பெரிய உருண்டை இருக்கு. நீங்க நடுவுல நிக்கீங்க."

"நான் வரிசையிலல்லா நிக்கேன்."

"வரிசையில நிக்க எல்லாருமே நடுவுலதான் நிக்காங்க. தலைக்கு நேர் மேல உச்சிப்புள்ளி. வானமும் கடலும் ஒட்டுத எடம் தொடுவானம். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார். எம் புள்ளியப் பதிஞ்சு குடுங்க."

அவர் பதிவேட்டைப் புரட்டினார்.

"அது மாடி வீட்டு செலஸ்தீனா பேர்ல ஏற்கெனவே பதிவாயிருக்கே."

"அது என் தலைக்கு மேல உள்ள புள்ளி சார்!"

"உங்க தலைக்கு மேல அவங்க தலை. அதுக்கு மேலதான் வானம்."

நியாயமான பேச்சுதான். ஒரே கட்டடத்தில் மேலும் கீழும் குடியிருந்தால் உச்சி ஒன்றுதானே? பிலோமினாவுக்கு அழுகை முட்டியது. அதற்குத் தனிப் படிவம் என்பதால் அடக்கிக்கொண்டாள்.

"முப்பத்தோரு மீட்டர் வடக்க தள்ளிக் குடியிருங்க," என்றார் மாசிலாமணி. "வேற புள்ளி கெடைக்கும்."

முப்பத்தோரு மீட்டர் வடக்கே ஐஸ் கம்பெனி. வியாழன் முழுக்க ஐஸ் பாளங்களின் மேல் குடியிருந்தாள். அருமையான உச்சிப்புள்ளி, ஆளுக்குத்தான் ஜன்னி. நடுங்கிக்கொண்டே படிவத்தோடு ஓடினாள். அலுவலகத்தைச் சரியாக நாலு நிமிடம் முன்னால் மூடியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை மாடிப்படியில் பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது. அவள் வாசலுக்கு வருவதற்குள் அது மேலே போய்விட்டது.

"வாங்க, பயணமெல்லாம் நல்லா இருந்துச்சா?" என்றாள் செலஸ்தீனா. முறைப்படி பதிவு செய்தவள் வேறென்ன சொல்வாள்?

பிலோமினா தடதடவென்று ஏறிப்போய்க் கதவைத் தட்டினாள். கஸ்பார் வந்து திறந்தான். வெயிலில் கறுத்து, இளைத்திருந்தான். பாவி மனுஷன்.

"நாந்தாங்க, பிலோமினா."

அவன் துறைமுகத்தில் கொடுத்த விலாசச் சீட்டையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது.

"இதுல செலஸ்தீனான்னுதான் போட்டுருக்கு. நீங்க வீடு மாறி வந்துட்டீங்க போல."

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவன் அவளை 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை.