தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

மஞ்சள் பட்டுப் பாவாடையும் காலில் செருப்புமாக வாசற்கதவை ஒட்டி உட்கார்ந்திருக்கிறாள், மடியில் பள்ளிக்கூடப் பை, தண்ணீர் தொட்டுத் தலையைப் படிய வாரியிருக்கிறாள், திங்கட்கிழமை காலை ஏழு மணி, சீருடை போட வேண்டிய நேரம், அடுப்பங்கரையிலிருந்து தோசைக் கரண்டியோடு வந்த நான் அப்படியே நிற்கிறேன், புத்தகங்களைக் கட்டிலில் அடுக்கிவைத்துவிட்டு, இரண்டு வருடத்துக்கு முன் காப்பகத்திலிருந்து வரும்போது கொண்டுவந்த இரண்டு கவுன்களை மட்டும் பைக்குள் திணித்திருக்கிறாள், இப்போது அவை அவளுக்கு முழங்கைக்கு மேல் ஏறாது, சுகிர்தா, என்னம்மா இது, என்கிறேன், நான் ரெடிம்மா, என்கிறாள், அழுகை இல்லை, கோபம் இல்லை, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பெரிய மனுஷி மாதிரி இருக்கிறாள்.

வந்த புதிதிலும் இப்படித்தான், அப்போது ஐந்து வயது, ஒரு தம்ளர் கை தவறி விழுந்தால் போதும், என் வீட்டுக்காரர் பேப்பரைப் பார்த்து யாரையோ திட்டினால் போதும், முகம் கழுவி நல்ல சட்டை போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவாள், ஊர் சுற்ற ஆசை போலிருக்கிறது என்று நினைத்து, மடச்சி, நான் அவளை ஒருநாள் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன், திரும்பி எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டாள், காப்பகத்து அம்மாள் அப்புறம்தான் சொன்னார், எங்களுக்கு முன் ஒரு வீட்டில் எட்டு மாதம் இருந்தாளாம், சரிப்பட்டு வரவில்லை என்று, புதுச்சட்டை போட்டு, பொருட்காட்சிக்குப் போகலாம் வா என்று காரில் ஏற்றி, காப்பகத்து வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்களாம், அன்றிலிருந்து யாருக்கும் அந்தச் சிரமம் வைப்பதில்லை, தானே உடுத்திக்கொள்கிறாள். மெல்ல மெல்ல மறந்தாள், மறந்தாள் என்று நான்தான் நம்பினேன், ஒரு வருடமாக அந்த வாசலில் உட்காரவில்லை, ஒருநாள் எனக்கு இந்தத் தோசை வேண்டாம் போ என்று தட்டைத் தள்ளினாள், நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன், அடம்பிடிக்கிறாள், என் பிள்ளை அடம்பிடிக்கிறாள்.

நேற்று அம்பாசமுத்திரத்தில் ஆவுடை அண்ணனின் புது வீட்டுப் பால்காய்ப்பு, ஆரு பெத்ததோ என்று சொல்லி ஒரு வருடம் எங்கள் வீட்டு வாசலை மிதிக்காத என் அண்ணன், பந்தி முடிந்ததும் பிள்ளைகள் நடுவே உட்கார்ந்து, அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஏட்டி, ஒன்னையத் தவிட்டுக்குல்லா வாங்குனோம், ஒரு படி தவிட்டக் குடுத்துல்லா ஒங்க அம்மை வாங்கிட்டு வந்தா, என்றார், கூட்டம் சிரித்தது, தம் பிள்ளைகளிடமும் அவர் அதையேதான் சொல்வார், என்னிடமும் சொன்னார், அப்போது எனக்கு ஆறு வயது, பாவாடை நுனியைக் கடித்துக்கொண்டு இல்ல இல்ல என்று தரையில் காலை உதைக்கிறேன், அம்மா மாவுக் கையோடு ஓடி வருகிறாள், எவன் சொன்னான், நீ என் வயித்துல பெறந்தவட்டீ, என்று தூக்கிக்கொள்கிறாள், அவள் கழுத்தில் மஞ்சள் வாசனை, அந்த விளையாட்டு முடிகிற இடம் அதுதான், அந்த ஒரு சொல்லுக்காகத்தான் எல்லாப் பிள்ளைகளும் அழும். நேற்று இவள் அழவில்லை, என்னை நிமிர்ந்து பார்த்தாள், அந்தச் சொல் என்னிடம் இல்லை, வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம், ஆயிரம் சொல்லியிருக்கலாம், நானோ, அண்ணன் கடைசியில் அவளையும் நம் வீட்டுப் பிள்ளையாக்கிக் கேலி பண்ணிவிட்டார் என்ற பூரிப்பில் வாயெல்லாம் பல்லாக நின்றேன், எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன், பாவி. காரில் திரும்பும்போது என் தோளில் சாய்ந்திருந்தாள், தூங்குகிறாள் என்று நானும் கண் அயர்ந்தேன், கனவில் அண்ணன் மடியில் நான் அழுகிறேன், அம்மா வரவேயில்லை, பந்திப்பாயைச் சுருட்டுகிறார்கள், ஒவ்வொருவராகக் கிளம்பிப் போகிறார்கள், குனிந்து பார்த்தால் என் காலில் அவளுடைய செருப்பு, விழித்தபோது இவள் கண்ணைத் திறந்துகொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்காருகிறேன், மாமா சும்மா சொன்னாரும்மா, அது வெளையாட்டு, சின்னப் பிள்ளைல என்னையும் அப்படித்தான் சொல்லுவாங்க, தவிட்டுக்கு வாங்குனதுன்னு, என்கிறேன், சட்டென்று என் பக்கம் திரும்புகிறாள், உங்களையும் திருப்பிக் கொண்டுபோய் விட்டாங்களா, என்கிறாள், கேலியில்லை, நிஜமாகவே கேட்கிறாள், தன்னைப்போல் ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்ற ஆவல் அந்த முகத்தில், ஆமாம் என்று பொய் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைக்கிறேன், இல்லம்மா, என்கிறேன், அந்த முகம் மறுபடியும் கதவின் பக்கம் திரும்பிக்கொள்கிறது, எனக்குத் தாங்கவில்லை, உன்னை எங்கயும் விட மாட்டேன், செத்தாலும் விட மாட்டேன் என்று அவளை இறுக்கிக்கொண்டு வாய்விட்டு அழுகிறேன், அவள் தன் பாவாடையால் என் கன்னத்தைத் துடைக்கிறாள், அந்த வீட்டு அம்மாவும் இப்படித்தான் கட்டிப்பிடிச்சு அழுதாங்க, என்கிறாள், என் கைகளை மெதுவாக விலக்கிவிட்டு எழுந்திருக்கிறாள், பையை முதுகில் மாட்டிக்கொள்கிறாள், போலாமாம்மா, என்கிறாள்.