இமையோரம் தடவிய களிம்பு

கண்ணாடிக் கடையில் ஃப்ரேம் மாட்டிவிடுவது, வந்தவரின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் தன் முகத்தைக் கொண்டுபோகிற வேலை. மூக்கின் மேல் சரியாக உட்காருகிறதா, காதுக்குப் பின்னால் அழுத்துகிறதா, இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். பதினோரு வருடமாக அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். அன்று காலை முதல் ஆளாக வந்தவர் ஓய்வுபெற்ற ஓர் அதிகாரி. அவள் குனிந்ததும் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தார்.

"உங்க கண்ணுல என்னம்மா? கண்வலியா? ஒட்டிக்கப் போகுது."

"இல்ல சார். தோல் வறண்டிருக்கு, அவ்வளவுதான்."

"எதுக்கும் வேற யாரையாவது வரச் சொல்லுங்க."

அவள் நகர்ந்து நின்றாள். அந்தக் கடையில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. சுவர் முழுக்கக் கண்ணாடிகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் முகம் அவளையே பார்த்தது. நாற்பத்தேழு வயது. நான்கைந்து மாதமாகவே இமைத் தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்துகொண்டிருந்தது. சோப்புப் பட்டால் எரிந்தது. அரிப்புத் தாங்காமல் கசக்கினால், அழுதுவிட்டு வந்தவள் போலச் சிவந்து கிடந்தது. மறைக்கலாம் என்று பூசிய பவுடர் கண்ணோரச் சுருக்கங்களில் கோடு கோடாகத் தங்கி, இல்லாத வயதையும் கூட்டிக் காட்டியது.

மத்தியானம் முதலாளி கூப்பிட்டார். அதட்டிப் பேசுகிறவர் அல்ல. அதனால்தான் அவர் சொன்னது கூடுதலாக வலித்தது.

"தப்பா எடுத்துக்காதம்மா. இங்க வர்றவங்க கண்ணுக்காக வர்றாங்க. நம்ம ஆளுங்க கண்ணே சரியில்லன்னா எப்படி? சரியாகுற வரைக்கும் கொஞ்ச நாளு உள்ள, லென்ஸ் தேய்க்கிற பக்கம் இரு."

அந்த 'கொஞ்ச நாளு' என்ன என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு முன்னால் முகப்பில் நின்ற ஒருத்தி, ஜன்னல் இல்லாத அந்த அறைக்குள் இப்படித்தான் கொஞ்ச நாளைக்குப் போனாள். அவள் இடத்துக்கு இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். உள்ளே போனவள் கடைசிவரை வெளியே வரவில்லை. வேலையை விட்டே போய்விட்டாள். அந்தப் பயத்தில்தான் இவளும் நரை எட்டிப் பார்க்கும் முன்பே, மூன்று வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக் அவர். பொல்லாதவர் இல்லை, எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவர்.

"வயசானா தோல் வறளத்தான் செய்யும். எனக்கு உள்ளங்கையே பாளம் பாளமா வெடிச்சிருக்கு, நான் என்ன டாக்டர்கிட்டயா ஓடுறேன்? இதுக்குப் போய் நின்னா சிரிப்பாங்க."

சிரிப்பார்கள் என்ற அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. மறுநாள் அவள் மருத்துவமனைக்குப் போகவில்லை. தெருமுனை மருந்துக் கடைக்குப் போனாள்.

மருந்துக்கடைக்காரர் முன்னால் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். அவள் இமையைத் தொட்டுக் காட்டியதை அவர் அரைப் பார்வை பார்த்தார்.

"அரிக்குதா?"

"ஆமாண்ணே. உரியுது, எரியுது."

"இதைப் படுக்கும்போது லேசா தடவுங்க. மூணே நாளு."

சுண்டுவிரல் நீளத்தில் ஒரு களிம்புக் குழாய். உள்ளே நான்காக மடித்த தாள் ஒன்று, எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில். ஊருக்கெல்லாம் படிக்கும் கண்ணாடி மாட்டிவிடுகிறவள், தன் கண்ணாடியைக் கைப்பையிலிருந்து எடுக்கச் சோம்பி அந்தத் தாளைக் குப்பையில் போட்டாள். 'கண்ணருகே தடவக் கூடாது' என்ற வரி அதில்தான் இருந்தது.

மூன்றே நாளில் தோல் வழவழவென்று ஆனது. சிவப்பு போன இடம் தெரியவில்லை. முதலாளி, "இப்பதான்மா பழைய களை வந்திருக்கு" என்றார். அவள் மறுபடி முகப்புக்கு வந்தாள். நிறுத்திப் பார்த்தாள், ஒரே வாரத்தில் முன்னைவிட மோசமாக உரிந்தது. மறுபடி தடவினாள், அடங்கியது. பிறகு நிறுத்தவே பயமாகிவிட்டது. குழாய் தீரத் தீரக் கடைக்குப் போனாள். மருந்துக்கடைக்காரர் முகத்தைக்கூடப் பார்க்காமல் எடுத்து நீட்டப் பழகிவிட்டார். இப்படியே ஒன்றரை வருடம் ஓடியது.

இந்த நன்மையை அவள் தனக்கென்று மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்த தங்கை ஒரு நாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தபோது, "இதைப் போடுடி, கைகண்ட மருந்து" என்று பாதிக் குழாயை அவளிடம் கொடுத்தனுப்பினாள்.

இடது பக்கம் மங்கத் தொடங்கியது எப்போது என்று அவளால் பிறகு சொல்ல முடியவில்லை. நிலைப்படியில் தோளை இடித்துக்கொண்டாள். பக்கத்தில் வந்து நின்ற வாடிக்கையாளரைக் கவனிக்காமல் ஃப்ரேம் துடைத்துக்கொண்டிருந்தாள். "காதுல பஞ்சு வச்சிருக்கியாம்மா?" என்று முதலாளி கேட்டார். தெருவிளக்கைச் சுற்றி வானவில் மாதிரி வட்டம் தெரிந்தது. சந்தேகத்துக்குக் கடையிலேயே பவர் பார்க்கிறவரிடம் உட்கார்ந்தாள். எழுத்துப் பலகையின் கடைசி வரியைக் கடகடவென்று படித்தாள். "கண்ணு கழுகு மாதிரி இருக்கு, போங்கக்கா" என்று அவர் சிரித்தார். நேரே இருப்பது தெரிகிறவரை பக்கவாட்டில் பறிபோவது தெரியாது என்பது இருவருக்குமே அன்று தோன்றவில்லை.

ஒரு திங்கட்கிழமை, சாலையைக் கடக்கும்போது இடது பக்கமிருந்து வந்த சைக்கிள் அவள்மேல் மோதியது. மணியை விடாமல் அடித்துக்கொண்டுதான் வந்தேன் என்று சைக்கிள்காரர் தலையில் அடித்துக்கொண்டார். பார்த்தவர்களும் அதையே சொன்னார்கள். மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போட்ட மருத்துவர் கேட்டார்:

"சத்தம் கேட்டும் ஏம்மா விலகல?"

"சத்தம் எங்கேயோ கேட்டுது டாக்டர். ஆனா அங்க ஒண்ணுமே இல்லையேன்னு நினைச்சேன்."

அவர் உடனே கண் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

கண் மருத்துவர் அவள் வயதை ஒத்த பெண்மணி. கண்ணின் அழுத்தத்தை அளந்தார். நம்பாமல் மறுபடி அளந்தார். பிறகு ஒரு கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். அவள் அழுத்தியது குறைவு. நடுவில் நெடுநேரம் சும்மா இருந்தாள். கருவி நின்றுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தாள். அது நிற்கவே இல்லை; புள்ளிகள்தான் அவளுக்குத் தெரியவில்லை.

"ரொம்ப நாளா ஏதாவது மருந்து எடுத்துக்கிறீங்களா?"

"இல்லையே டாக்டர்."

"கண்ணுக்கு? முகத்துக்கு?"

"மருந்துன்னு ஒண்ணுமில்ல. இமைக்கு ஒரு களிம்புதான் தடவுறேன்."

"அதைக் காட்டுங்க."

கட்டுப் போடாத கையால் பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தாள். மருத்துவர் குழாயைத் திருப்பிப் படித்தார். முகத்தில் கோபம் இல்லை. இப்படி எத்தனை குழாய்களைப் பார்த்துவிட்டோம் என்கிற அலுப்புதான் இருந்தது.

"இது ஸ்டீராய்டும்மா. தோலை மெலிய வச்சிடும். இமைத் தோலு உடம்புலயே மெல்லிசான தோலு. அங்க மாசக்கணக்கா தடவினா மருந்து கண்ணுக்குள்ள இறங்கும், சிலருக்கு அழுத்தம் ஏறும். உங்களுக்கு ஏறியிருக்கு. பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமா செத்திருக்கு. இடது கண்ணுல பாதிக்கு மேல போயாச்சு. வலது கண்ணுல ஓரம் மட்டும்."

"சொட்டு மருந்து போட்டா திரும்பிடுமில்ல டாக்டர்?"

"இருக்கிறதைக் காப்பாத்த முடியும். போனது போனதுதான்."

அவள் அழவில்லை. கண்ணைக் கசக்கக் கூடாது என்று அந்த நேரத்திலும் நினைவிருந்தது.

கண் மருத்துவர் அவளை அடுத்த அறைக்கு, தோல் மருத்துவரிடம் அனுப்பினார். அவர் இரண்டே கேள்வி கேட்டார். தலைக்குச் சாயம் போடுகிறாளா, எத்தனை நாளுக்கு ஒருமுறை. அவள் சொன்னதும், "அதுதான் ஒத்துக்கலன்னு தோணுது, பரிசோதிச்சு உறுதி பண்ணிடலாம். தலையில போட்டாலும் முதல்ல காட்டிக்கொடுக்கிறது இமைதான்" என்றார். "இந்த வயசுல தோலுல எண்ணெய்ப் பசை குறையும். சாயத்தை நிறுத்துங்க. கண்ணுகிட்ட சோப்பு வேண்டாம், வெறும் தண்ணி போதும். ஈரம் காயுறதுக்குள்ள வாசனை எதுவும் இல்லாத சாதா பெட்ரோலியம் ஜெல்லி ஒரு துளி. தேய்க்காதீங்க, ஒத்தி எடுங்க. அவ்வளவுதாம்மா இதுக்கு வைத்தியம்."

அவ்வளவுதான். அந்த அவ்வளவைக் கேட்க அவள் ஒன்றரை வருடம் கழித்து, ஒரு கண்ணில் பாதியைத் தொலைத்துவிட்டு வந்திருந்தாள்.

வெளியே கணவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். விஷயம் கேட்டுத் தன் வெடித்த உள்ளங்கையைப் பார்த்தார். "சிரிப்பாங்கன்னு சொன்னது நான்தானே" என்று ஒரு முறை சொன்னார்.   வீட்டுக்குப் போகாமல் நேரே தங்கை வீட்டுக்கு ஆட்டோ பிடிக்கச் சொன்னாள் அவள்.

தங்கை கதவைத் திறந்ததும் அக்காவின் கையிலிருந்த கட்டைப் பார்த்துப் பதறினாள். இவள் அதைச் சட்டை செய்யாமல் கேட்டாள்:

"அந்தக் களிம்பு எங்கடி?"

"எது? குளிக்கிற ரூம்ல இருக்கு. அது தீர்ந்து நானே வேற வாங்கிட்டேன். நல்லாத்தான் கேக்குது. ஏன்க்கா?"

"எத்தனை மாசமா போடுறே?"

"எட்டு மாசம் இருக்கும். நீதானேக்கா கைகண்ட மருந்துன்னே?"

சைக்கிள் மோதியபோது வலிக்காத இடம் ஒன்று அவளுக்குள் அப்போது வலித்தது. தன் கண் போனது தன் அறியாமை. தங்கையின் கண்ணும் போயிருந்தால் அந்தப் பழி யார்மேல்?

மறுநாள் தங்கைக்குப் பரிசோதனை முடிகிறவரை அக்கா வெளியே நின்றே இருந்தாள். அழுத்தம் ஏறியிருந்தது, நரம்பு இன்னும் தப்பித்திருந்தது. மருந்தை நிறுத்திக் கண்காணித்தால் போதும் என்றார் மருத்துவர். திரும்பும் வழியில் பேருந்தில் தங்கை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். இறங்கும்போது, "இன்னும் நாலு மாசம் நீ கீழே விழாம இருந்திருந்தா என் கதி என்னக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அது கோபமா, நன்றியா என்று அக்காவுக்கு விளங்கவில்லை.

களிம்பை நிறுத்தியதும் இமைகள் நெருப்புப் பட்டது போல வீங்கின. ஆறு வாரம் அவள் கடைக்குப் போகவில்லை. போனபோது வேர்க்காலில் வெள்ளை முடி நன்றாக வெளியே வந்திருந்தது. முதலாளி அவளை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. தொலைபேசியில் ஆர்டர் எடுக்கும் மேசையில் உட்கார வைத்தார். ஃப்ரேம் சமமாக இருக்கிறதா என்று பார்க்க இனி அவள் கண்ணுக்குத் தெம்பில்லை. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஒரு நாள் மாலை சொட்டு மருந்து வாங்க அதே மருந்துக் கடைக்குப் போனாள். நடந்ததை முன்பே கடைக்காரரிடம் சொல்லியிருந்தாள். அன்று, "கேக்குறவங்களுக்குத் தர்றோம், நாங்க என்ன பண்ண?" என்று சீறியவர், பிறகு அவளைக் கண்டால் பேச்சைக் குறைத்துக்கொண்டார். இன்று அவளுக்கு முன்னால் நின்ற ஒரு பெண் இமையைத் தொட்டுக் காட்டி, அதே களிம்பின் பேரைச் சொன்னாள். மருந்துக்கடைக்காரர் கை அலமாரிவரை போனது. பின்னால் நிற்பவளைப் பார்த்தார். கையை இறக்கிக்கொண்டார்.

"டாக்டர் சீட்டு இருந்தா தர்றேம்மா."

"இதுக்கெல்லாமா சீட்டு? அடுத்த கடையில கேட்டா தரப்போறான்." அந்தப் பெண் விறுவிறுவென்று இறங்கி நடந்தாள்.

அவள் சொட்டு மருந்தைக்கூட வாங்காமல் பின்னாலேயே போனாள். "கொஞ்சம் நில்லுங்க" என்றாள். அந்தப் பெண் நின்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். சிவந்த இமை, அவசர முகம்.

"நானும் அதைத்தான் தடவினேன். எனக்குப் பாதிக் கண்ணு போயிடுச்சு."

அந்தப் பெண் அவளுக்கு இடப்பக்கமாக ஒதுங்கி நின்று, அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "கண்ணு நல்லாத்தானே இருக்கு உங்களுக்கு?"

"பார்க்கிறவங்களுக்கு நல்லாத்தான் இருக்கும். நீங்க என் இடது பக்கம் நிக்கிறீங்க. குரல் வருது, ஆள் தெரியல. உங்களைப் பார்க்கணும்னா நான் கழுத்தைத் திருப்பணும்."

அந்தப் பெண் தன்னையறியாமல் ஓரடி முன்னால் வந்து நின்றாள். அவள் தொடர்ந்தாள்:

"வயசு தெரியுதேன்னு வெட்கப்பட்டு நான் டாக்டர்கிட்ட போகல. சொந்தமா வைத்தியம் பார்த்தேன், கூடப் பொறந்தவளுக்கும் பார்த்தேன். தோலு வறண்டு போறது அவமானம் இல்லம்மா, அதுக்குச் சின்ன வைத்தியம் இருக்கு. ஆனா டாக்டர் பார்த்து எழுதாத மருந்தைக் கண்ணுகிட்ட கொண்டு போகாதீங்க. எழுதிக் கொடுத்தாலும் சொன்ன நாளுக்கு மேல ஒரு நாள் தடவாதீங்க. சுருங்கின முகத்தோட எத்தனை வருஷம் வேணும்னாலும் வாழலாம். போன பார்வையை எந்தக் கடையிலயும் வாங்க முடியாது."