பாலத்தடியில் நில்லாதே

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை முடிந்து ரோடா கிளம்பும்போதே மேற்கு வானம் பச்சை பூத்திருந்தது. மே மாதத்து ஒக்லஹோமாவில் அது நல்ல நிறமல்ல. சுழல்காற்று வருகிறதென்று ரேடியோ திரும்பத் திரும்பச் சொன்னது. வீட்டுக்கு இருபது மைல்தானே என்று வண்டியை விரட்டினாள். ஆலங்கட்டி கண்ணாடியை அறையத் தொடங்கியதும் நெடுஞ்சாலைப் பாலத்தடியில் ஒதுங்கினாள். போன உயிர் திரும்பியதுபோல் இருந்தது.

பின்னாலேயே ஒரு பிக்கப் சரக்கு வண்டி வந்து நின்றது. சாணி அப்பிய பூட்ஸோடு ஒருத்தி இறங்கி ஓடிவந்து ஜன்னலைத் தட்டினாள்.

"இறங்கு. இங்க நிக்காத."

"மழைக்கு ஒதுங்கினது தப்பா?"

"மழைக்குச் சரி. அதுக்கு?" அவள் கை நீட்டிய திசையில் வானத்திலிருந்து தரைவரை கறுப்பாய் ஒரு தூண். "ரெண்டு நிமிஷமா பாக்கறேன். இடப்பக்கமும் போகல, வலப்பக்கமும் போகல. அப்படின்னா நம்மளப் பாத்துதான் வருது. பாலத்தடியில காத்து இன்னும் வெறியா பாயும்."

"ஓட்டிட்டுப் போயிடலாமே?"

"முன்னாடி லாரி கவுந்து ரோட்ட மறிச்சுக் கிடக்கு, கண்ணு தெரியலையா? மிச்ச சண்டைய பள்ளத்துல போட்டுக்கலாம், வா."

ரோடாவுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் ஓடினாள். வண்டிகளை விட்டு வெகுதூரம் தள்ளி, சாலையோரப் பள்ளத்துச் சேற்றில் இருவரும் குப்புற விழுந்தார்கள். அந்தப் பெண் பாதி உடம்பை ரோடாவின்மேல் போட்டு, அவள் கைகளைப் பிடித்துப் பிடரியில் வைத்து அழுத்தினாள்.

"பேரென்ன?"

"ரோடா."

"நான் க்ளெண்டா. தலையத் தூக்காத, ரோடா."

காது அடைத்தது. வயிற்றுக்கடியில் நிலம் அதிர்ந்தது. மண்ணும் புல்லும் முதுகில் சாட்டையாய் விழுந்தன. எவ்வளவு நேரமோ தெரியாது.

எழுந்தபோது பிக்கப் சோளக்காட்டில் தலைகீழாகக் கிடந்தது. ரோடாவின் கார் பாலத்தடியில்தான் நின்றது. வேலிக் கம்பம் ஒன்று முன்கண்ணாடியைத் துளைத்து, ஓட்டுபவர் இருக்கையில் குத்தி நின்றது. ரோடா அதையே பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"நான் உன்கிட்ட எரிஞ்சு விழுந்தேன்," என்றாள். க்ளெண்டாவின் கன்னத்துச் சேற்றைத் தன் சட்டைக்கையால் துடைத்துவிட்டாள்.

"விடு. போன வருஷம் என்னையும் ஒரு ஆளு இப்படித்தான் திட்டி இறக்கிவிட்டாரு. அவர் பேரக்கூட நான் கேட்டுக்கல."

ரோடா கணவனுக்குப் போன் போட்டாள்.

"ஆர்வில், நல்லா இருக்கேன். அழாத. எங்களக் கூட்டிட்டுப் போக வா. சாப்பாட்டுக்கு ஒரு தட்டு கூடுதலா வை."