மருந்து திரும்பி வந்த வருடம்

ஃபிஜியின் விட்டி லெவு தீவில், மேற்குப் பக்கத்தில் கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால், எங்கள் ஆஸ்பத்திரியின் ஆண்கள் அறுவை வார்டில் கட்டில் போதாது. கத்தி பட்ட கால், லாரிக் கதவில் நசுங்கிய விரல் என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அந்த வார்டின் பொறுப்பு நர்ஸ் வினியானா. கரும்பு ரயில் ஓட்டிய அவளுடைய கணவன் அபெனிசாவும் அப்படித்தான் ஒருநாள் வந்து சேர்ந்தான். தடம்புரண்ட பெட்டி ஒன்று அவன் கால்மேல் சாய்ந்ததில் முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே வந்திருந்தது.

அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. மறுநாளே அவனுக்கு வாய் திறந்துவிட்டது.

"வீட்லயும் உன் அதிகாரம்தான், இங்கயும் உன் அதிகாரம்தானா? எனக்குத் தப்பிக்கவே வழியில்லையா, சிஸ்டர்?"

"கால் ஆறட்டும். எங்க வேணும்னாலும் ஓடிப்போ."

"ஒத்தக் கால்ல எங்க ஓடுறது? நொண்டிக்கிட்டு உன்கிட்டயேதான் வரணும்."

வார்டே சிரித்தது. வினியானா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அந்த வாரமே காயம் நிறம் மாறியது. காய்ச்சல் ஏறியது. ஒரு மருந்து கேட்கவில்லை என்று அடுத்தது, அதுவும் கேட்கவில்லை என்று அதற்கும் அடுத்தது. கடைசியில், நாங்கள் பெரிய மருந்து என்று சொல்லும் அந்த வெள்ளைப் பொடியைக் கரைத்து ஏற்றினார்கள். லேபிலிருந்து பதில் வந்தது: காயத்தில் இருக்கும் கிருமி அதற்கும் அடங்காது. தொடை வரை காலை எடுத்தும் பயனில்லை. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்து சர்ச்சில் பாட்டு முடிவதற்குள் அபெனிசா போய்விட்டான்.

துக்கம் முடியும் நூறாம் நாள் சடங்கை முடித்து வினியானா வேலைக்குத் திரும்பினாள். வேலை பார்க்கிறவரை ஒன்றும் தெரியாது. வீட்டுக்குப் போனால்தான் கஷ்டம். சேப்பங்கிழங்கை இரண்டு பேருக்கு வேகவைத்துவிட்டு மீதியை நாய்க்குப் போடுவாள். பாயில் அவன் படுக்கிற பக்கத்தை விட்டுவிட்டு ஓரமாகவே படுப்பாள். ரேடியோவில் ரக்பி ஓடினால் அணைக்கவும் மாட்டாள், கேட்கவும் மாட்டாள். அவன் நடுவரைத் திட்டும் இடங்களில் மட்டும் அவள் காது தானாகக் காத்திருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் தலைநகர் சுவாவிலிருந்து டாக்டர் ரொனிகா வந்தார். கிருமிகளைப் பற்றியே படித்தவர். ஒல்லியான பெண், வேகமான நடை. வந்த மாதமே பெரிய மருந்தை வார்டு அலமாரிகளிலிருந்து எடுத்து மருந்தகத்தில் பூட்டி வைக்கச் சொன்னார். யாருக்காவது அது வேண்டுமென்றால் முதலில் அவருக்கு போன் செய்ய வேண்டும். மற்ற கிருமிக்கொல்லி மருந்துகளையும் மூன்றாம் நாள் நின்று யோசித்து, தேவையில்லையென்றால் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு நோயாளியைத் தொடும் முன்னும் கை கழுவ வேண்டும்.

அறுவை மருத்துவர் மனோவாவுக்கு இது பிடிக்கவே இல்லை. "ஏர்போர்ட்ல இருந்து கஸ்டம்ஸ் ஆபீஸரை அனுப்பிட்டாங்கப்பா. இனிமே தும்முறதுக்கும் பர்மிஷன் வாங்கணும்" என்றார், ரொனிகாவின் காதில் விழும்படியாகவே.

வினியானாவுக்குக் கேலி வரவில்லை. கோபம்தான் வந்தது. ரொனிகாவின் அறைக்கே போய் நின்றாள்.

"டாக்டர், என் வீட்டுக்காரர் இந்த வார்டுலதான் செத்தார். இருந்த மருந்து எல்லாம் குடுத்தும் பத்தலை. நீங்க வந்து இருக்கிற மருந்தையும் பூட்டுறீங்களே, இது என்ன நியாயம்?"

ரொனிகா எழுந்து நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். வினியானா உட்காரவில்லை.

"அவரோட ரிப்போர்ட்டை நானும் பார்த்தேன் சிஸ்டர். அவருக்கு மருந்து குடுத்ததுல தப்பில்ல. அவருக்கு முன்னாடி இங்க படுத்திருந்தவங்களுக்கெல்லாம், லேசான காய்ச்சலுக்கும் அதையே குடுத்தோம். வார்டுல இருந்த கிருமிக்கு அது பழகிப்போச்சு. அவர் வந்தப்ப மருந்து பாட்டில்ல இருந்துச்சு, ஆனா அவருக்கு வேலை செய்யலை."

வினியானா வெளியே வந்தாள். அதன்பிறகு நெடுநாள் வரை ரொனிகாவிடம் வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனால் அந்தப் பேச்சு அவளை விடவில்லை. ஒருநாள் ரவுண்ட்ஸில், காய்ச்சல் விட்டுப்போன ஒருவனுக்கு இன்னும் டிரிப்பில் கிருமிக்கொல்லி மருந்து ஓடிக்கொண்டிருந்தது. "டாக்டர், இவருக்கு இன்னும் வேணுமா? நிறுத்திடலாமா?" என்று மனோவாவிடம் கேட்டாள்.

மனோவா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீயும் கஸ்டம்ஸ்ல சேர்ந்துட்டியா, வினி?"

"சேர்ந்துட்டேன் டாக்டர். யூனிஃபார்ம்தான் இன்னும் வரலை."

அவர் முணுமுணுத்துக்கொண்டே நிறுத்தச் சொன்னார்.

பூட்டியது பூட்டியதுதான் என்றும் இல்லை. ஒரு மதியம், குடல் வெடித்து வந்த கிழவருக்கு மூச்சு வாங்கியது. வினியானா பயந்துகொண்டே போன் செய்தாள். பாதி சொல்லும்போதே ரொனிகா, "குடுங்க, உடனே குடுங்க. நான் வந்துட்டே இருக்கேன்" என்றார். "இந்த மாதிரி ஆளுக்காகத்தானே சேர்த்து வச்சிருக்கோம்" என்று பிறகு கட்டிலருகே நின்று சொன்னார். கிழவர் பிழைத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் வினியானாவும் ரொனிகாவும் சேர்ந்து உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

இரண்டு கரும்பு வெட்டு போய் மூன்றாவது வந்தது. இலாய்ட்டியா என்ற லாரி டிரைவரைக் கொண்டுவந்தார்கள். முழங்காலுக்குக் கீழே அதே மாதிரி நசுங்கிய காயம். வயதும் ஏறக்குறைய அபெனிசாவின் வயது. சில நாளில் காயத்தில் சீழ் வைத்தது. லேபில் அதே கிருமியின் பெயரைச் சொன்னார்கள். வினியானா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"மருந்து?" என்று கேட்டாள்.

"அடங்குது சிஸ்டர். பெரிய மருந்து வேணாம், பழைய மருந்துக்கே அடங்குது. இந்த வருஷம் நிறையப் பேருக்கு அப்படித்தான் வருது. மருந்து குடுக்கிறதைக் குறைச்சதுல கிருமிக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போச்சு."

பழைய மருந்தையே ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கியது. காயம் சிவந்து, சுத்தமாகி, ஓரம் மூடத் தொடங்கியது. அவன் மனைவி செய்னி தினமும் தூக்குப் பாத்திரத்தோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொள்வாள்.

"லாரி ஓட்டத் தெரியாதவன்லாம் எதுக்கு லாரி எடுக்கணும்? மாடு மேய்க்கப் போகலாம்ல."

"மாடும் உன்னை மாதிரிதான் முட்டும். லாரியே பரவாயில்ல."

"கால் நல்லாகட்டும், யார் முட்டுறாங்கன்னு பாக்கலாம்."

பக்கத்துக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த வினியானா, அந்த விரிப்பையே திரும்பத் திரும்ப இழுத்துச் சரிசெய்துகொண்டு நின்றாள். அவர்கள் பேச்சு முடிந்துவிடக் கூடாது என்றிருந்தது. கேட்கவும் முடியவில்லை.

இலாய்ட்டியா வீட்டுக்குப் போன அன்று அவள் ரொனிகாவைத் தேடிப் போனாள். இந்தத் தடவை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கணும். அபெனிசாவுக்கு இப்ப அடிபட்டிருந்தா?"

"சிஸ்டர்..."

"ஆறுதல் சொல்லாதீங்க. கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க."

ரொனிகா கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். "உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா பிழைச்சிருக்கலாம். அதுக்கு வாய்ப்பு அதிகம்."

வினியானா தலையாட்டினாள். நூறாம் நாளிலும் வராத அழுகை அப்போது வந்தது. மருந்து திரும்பி வந்துவிட்டது, ஒரு மனிதன் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போய்விட்டான், அதில் தன் கையும் இருக்கிறது என்று அவளுக்குச் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்தை வீட்டுக்குப் போய் யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை. ரொனிகா அருகில் வந்து அவள் தோளில் கை வைத்தார்.

மழைக்காலம் தொடங்கியபோது இலாய்ட்டியாவும் செய்னியும் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார்கள். அவன் ஊன்றுகோல்கூட இல்லாமல் நின்றான். செய்னியின் கையில், நாரில் கோத்த பெரிய மீன் ஒன்று தொங்கியது.

"விடியக்காலைல பிடிச்சது, சிஸ்டர். இவர்தான் உங்களுக்குன்னு எடுத்து வச்சார்" என்றாள் செய்னி. "தேங்காய்ப்பால் ஊத்திச் செய்யுங்க. உங்க வீட்டுக்காரருக்கு மீன் பிடிக்குமா?"

வாசலில் நின்ற மற்ற நர்ஸ்கள் எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வினியானா மீனை வாங்கிக்கொண்டாள். கனமாகத்தான் இருந்தது.

"ரொம்பப் பிடிக்கும்" என்றாள். "தலையை யாருக்கும் விடமாட்டார்."

"அப்ப சரியான ஆளுக்குத்தான் வந்திருக்கு" என்று சிரித்தான் இலாய்ட்டியா.

அவளும் சிரித்தாள். அவர்கள் பஸ் ஏறும்வரை கையசைத்தாள். அன்று சாயங்காலம் மீனை முழுசாகவே சமைத்தாள் என்று பிறகு என்னிடம் சொன்னாள். தலையை ஒரு தட்டில் எடுத்து எதிரில் வைத்துக்கொண்டு, இலாய்ட்டியாவின் கால் எப்படி ஆறியது என்று தொடக்கத்திலிருந்து ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே சாப்பிட்டாளாம்.