சூடு ஆறாத நாற்காலி

திண்டுக்கல் திருச்சி ரோட்டில், வீட்டு முன்னறையில் வைத்துப் பழுதான மோட்டார்களுக்குக் செம்புக்கம்பிக் காயில் கட்டிக்கொடுக்கும் ஆரோக்கியதாஸுக்கு, ஜெபத்துக்கான பதில் ஜெபத்துக்கு மூன்று நாள் முந்தியே வந்துவிடும். சைக்கிள் களவுபோன வருஷமும் அப்படித்தான். திங்கட்கிழமை காலை அவருடைய சைக்கிளுக்குப் பக்கத்தில் அதே சைக்கிள் இன்னொன்று நின்றது. அதே பெல், அதே கிழிந்த சீட். இரண்டையும் பூட்டி வைத்தார். புதன்கிழமை ஒன்று காணாமல் போனது. வியாழக்கிழமை முழங்கால் போட்டு, சைக்கிளைத் திருப்பித் தாரும் என்று கேட்டுவிட்டு, மிச்சமிருந்ததில் ஏறி டீ குடிக்கப் போனார். சபை பாஸ்டர் பிரான்சிஸ் இதில் அதிசயம் எதையும் பார்க்கவில்லை. "எல்லாமே உலகம் உண்டாகுறதுக்கு முந்தியே குறிச்சாச்சுண்ணே. உங்களுக்கு மூணு நாள் முந்திக் கைக்கு வருது, அம்புட்டுத்தான்" என்றார். அப்படியானால் ஜெபம் எதற்கு என்று ஆரோக்கியதாஸ் கேட்டபோது, பாஸ்டருக்கு வேறொரு வீட்டுக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது.

ஒரே மகள் ஜெசிந்தா, சின்னாளபட்டி நெசவுக்கார வீட்டு ஈஸ்வரனைக் கட்டிக்கொண்டு திருப்பூர் போய்ப் பதினோரு வருஷம். "நான் செத்தாக்கூட இந்த வாசல மிதிச்சிராத" என்று சொல்லி அனுப்பியவர் இவர்தான். மனைவியும் கண்மூடிய பிறகு, தினமும் காலையில் கதவைத் திறந்ததும் மகள் நிற்கிறாளா என்று வாசலைப் பார்ப்பார். இருக்கமாட்டாள். பதில் வராத காரியத்தைக் கேட்டுவிட்டால் இல்லை என்பது உறுதியாகிவிடும்; கேட்காதவரை நூலளவாவது மிச்சம் இருக்கும். அதனால் ஊரார் காய்ச்சலுக்கெல்லாம் ஜெபித்தவர், பெற்ற மகள் பேரை மட்டும் முழங்காலில் நின்று சொன்னதே இல்லை. பாவம், வீறாப்பாக நடமாடிய கோழை அவர்.

போன ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், பின்கட்டில் கை கழுவிவிட்டு வந்தவர், மோட்டார் கொண்டுவருபவர்கள் உட்காரும் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியை நகர்த்தப்போய்க் கையை இழுத்துக்கொண்டார். ஆள் இப்போதுதான் எழுந்துபோன சூடு. வந்துவிட்டாள் என்று பஸ் ஸ்டாண்டுவரை ஓடினார். திரும்பி வந்து பக்கத்துத் தையல் கடை ஷமாவிடம் கேட்டார். "யாரும் வரலையேண்ணே, நான் வாசலத்தான பாத்துக்கிட்டிருக்கேன்" என்றாள். நாற்காலியின் சூடோ ஆறவில்லை. சனியும் ஞாயிறும் அவர் கண்ணை மூடவில்லை. திங்கட்கிழமை கடையை அடைத்து, முழங்கால் போட்டு, மகளை அனுப்பும் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு. "ஆண்டவரே, ஜெசிந்தாவ நான் என்ன பேச்சுப் பேசினேன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. செத்த நேரம் உக்காந்து கேளும்" என்றார். கேட்டது வெள்ளிக்கிழமையே வந்து உட்கார்ந்திருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது. அழுதார். மகள் பிறந்த மழைநாளில் தொடங்கிச் சாயங்காலம்வரை பேசினார்.

ஜெசிந்தா இன்னும் வரவில்லை. அவள் பேரைச் சொல்லித் தினமும் கேட்கிறார். காலையில் கதவைத் திறந்து வாசலைப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டார். பத்து மணிக்கு டீ இரண்டு வாங்குகிறார், இரண்டையும் அவரே குடிக்கிறார். கிணற்று மோட்டார் தூக்கிவரும் வடமதுரைச் சம்சாரிகள் உட்காரப்போய், நாற்காலி சுடுவதைப் பார்த்து, யாரோ இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார், வந்துவிடுவார் என்று நின்றுகொண்டே பேசிவிட்டுப் போகிறார்கள்.